கண்ணை ஏமாற்றும் காட்ஸ் கட்டு: வீட்டில் வரைந்து ஊர் அச்சகத்தில் அடிப்பதற்கான முழு வழிகாட்டி

என்னுடைய முதல் காட்ஸ் (சீட்டு) கட்டில் ஒவ்வொரு காட்ஸின் முதுகிலும் கண்ணை ஏமாற்றும் வெவ்வேறு மாயத்தோற்றம் போட்டிருந்தேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தையில் 304 என்ற காட்ஸ் விளையாட்டு அடிக்க உட்கார்ந்தோம். மூன்றாவது ஆட்டத்திலேயே மருமகன் என் கையிலிருந்த ஜாக்கை முதுகைப் பார்த்தே சொல்லிவிட்டான். மாதம் முழுக்க வரைந்த கட்டு அன்றோடு அலுமாரிக்குள் போனது.

அதற்குப் பிறகு இரண்டு கட்டுகள் செய்தேன். விடுமுறைக் காலத்தில் பிள்ளைகள் சிலருக்கும் செய்யக் காட்டிக்கொடுத்தேன். கை சறுக்கியவர்கள் யாருமே வரையத் தெரியாமல் சறுக்கவில்லை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசிக்கு விட்டதுதான் எல்லாருடைய பிழையும். அதனால் கீழே உள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள். இது விளையாடுகிற கட்டு, படம் அதற்குப் பிறகுதான் என்ற எண்ணத்தில் வைத்த ஒழுங்கு இது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: பழைய காட்ஸ் கட்டு ஒன்று, மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரியும் இரும்பு அடிமட்டம், கட்டர், கம், இங்க்ஸ்கேப் போன்ற கோட்டுவரைவு (வெக்டர்) மென்பொருள் உள்ள கணினி (இங்க்ஸ்கேப் இலவசம்), மூலையை வளைவாக வெட்டும் சிறிய பஞ்ச். கைபேசிச் செயலியில் வரைந்து சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஏன் என்று 5ஆம் படியில் தெரியும்.

1. முதலில் 32 காட்ஸ் மட்டும்

52ஐயும் வரையத் தொடங்கியவர்களில் பாதிப்பேர் 20ஐத் தாண்டவில்லை. 304க்கு 7, 8, 9, 10, ஜாக், குயின், கிங், ஏஸ் மட்டும் போதும். நான்கு சாதிக்கும் (ஆட்டின் என்கிற இதயம், டயமன், கிளாவர், இஸ்பேட்) எட்டெட்டாக 32. எங்கள் பக்கத்தில் ஒரு கட்டை உண்மையாகச் சோதிக்கிற விளையாட்டும் 304தான்.

அச்சுக் கணக்கும் இதற்குப் பொருந்தும். ஒரு ஏ3 தாளில் 18 காட்ஸ் அடங்கும். இரண்டு தாளில் 36. முப்பத்திரண்டு போக மிச்சம் நான்கில் இரண்டு ஜோக்கர், இரண்டு வெற்று. அந்த வெற்றுக் காட்ஸை வீண் என்று நினைக்காதீர்கள். ஒன்று தொலைந்தாலோ தேத்தண்ணீர் கொட்டினாலோ அதில் எழுதிக்கொள்ளலாம். 32உம் சரியாக வந்தபின் 2 முதல் 6 வரை சேர்த்தால் மூன்று தாளில் முழுக்கட்டு 54.

2. முதுகைத் தீர்மானியுங்கள், அதுவும் ஒன்றே ஒன்று

முதுகை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முகத்தில் பிழை வந்தால் அந்த ஒரு காட்ஸ்தான் அசிங்கம். முதுகில் பிழை வந்தால் கட்டே செல்லாது.

எல்லாக் காட்ஸுக்கும் ஒரே முதுகு. அதுவும் தலைகீழாகத் திருப்பினாலும் அச்சு அசலாக அப்படியே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஒருவன் ஏஸ்களை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு கட்டு முழுவதையும் வாசித்துவிடுவான்.

இந்த ஒரு விதியிலேயே பிரபலமான பல தோற்றங்கள் அடிபட்டுப் போகும். ஒரு பார்வையில் வாத்தாகவும் மறுபார்வையில் முயலாகவும் தெரியும் வாத்து–முயல் படம் போகும். 1958இல் லயனல் பென்ரோசும் மகன் ரொஜர் பென்ரோசும் கட்டுரையாக வெளியிட்ட, தாளில் வரையலாம் ஆனால் கையால் செய்ய முடியாத, நடவாத முக்கோணமும் போகும், திருப்பினால் கூர் கீழே வந்துவிடுமே. முக்கோணத்தை ஜோக்கருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகுக்கு நான் எடுத்தது கஃபே சுவர். கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் வரிசை வரிசையாக, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரைக் கட்டம் தள்ளி இருக்கும். நடுவே ஓடும் சாம்பல் கோடுகள் உண்மையில் இணைகோடுகள். கண்ணுக்கோ ஆப்பு வைத்ததுபோல் சாய்ந்து தெரியும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து உணவகம் ஒன்றின் ஓட்டுச் சுவரைப் பார்த்து ரிச்சர்ட் கிரெகரியும் பிரிசில்லா ஹேர்டும் 1979இல் இதைப் பற்றி எழுதினார்கள்.

இங்கே எல்லாரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. வரிசைகள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். ஒற்றைப்படையில் போட்டால், தலைகீழாக்கும்போது வரிசைகள் எதிர்ப்பக்கம் தள்ளிப் போயிருக்கும். நான் 7 மி.மீ. கட்டத்தில் 10 வரிசை போட்டேன். காட்ஸின் நடுப்புள்ளி ஐந்தாம் வரிசைக்கும் ஆறாம் வரிசைக்கும் இடையிலுள்ள சாம்பல் கோட்டில், மேலும் கீழும் உள்ள இரண்டு கறுப்புக் கட்டங்களின் நடுக்களுக்குச் சரி பாதியில் விழ வேண்டும். கணக்குப் பார்க்கப் பஞ்சியாக இருந்தால், வரைந்ததைப் பிரதி எடுத்து 180 பாகை திருப்பி மேலேயே வையுங்கள். ஒரு முடியளவு வித்தியாசமும் தெரியக்கூடாது.

ஒன்றரை மி.மீ. அகலத்துக்கும் குறைந்த கறுப்பு வெள்ளைக் கோடுகளை முதுகு முழுக்க நெருக்கிப் போடாதீர்கள். கையில் பிடிக்கும் தூரத்தில் அது கண்ணைக் கூச வைக்கும், சிலருக்குத் தலையிடியே வரும். ஒரு மணித்தியாலம் விளையாட வேண்டிய பொருள் இது.

3. எந்தக் காட்ஸில் எந்தத் தோற்றம்

நான் அதிக நேரம் செலவழித்தது இந்தப் படியில்தான். அதில் எனக்குக் கவலையில்லை.

புதியவர்கள் தோற்றங்களைப் பட்டியல் போட்டு ஏஸிலிருந்து வரிசையாக ஒட்டிக்கொண்டு போவார்கள். மறுபக்கமாக யோசியுங்கள். இந்தக் காட்ஸில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, அதை எந்தத் தோற்றம் பயன்படுத்திக்கொள்ளும்?

ஏழில் ஏழு சின்னங்கள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. எபிங்ஹவுஸ் வட்டம் என்பதும் அதுவேதான். பெரிய வட்டங்கள் சூழ்ந்த நடுவட்டம் சிறிதாகத் தெரியும், சிறிய வட்டங்கள் சூழ்ந்தால் பெரிதாகத் தெரியும். ஒரு 7இல் நடுவட்டம் 10 மி.மீ., சுற்றி 15 மி.மீ. மற்ற 7இல் நடுவட்டம் அதே 10, சுற்றி 4 மி.மீ., நெருக்கமாக. சாதிச் சின்னத்தை வட்டத்துக்குள் சின்னதாக வையுங்கள். இஸ்பேட்டையும் டயமனையும் வெறுமனே பக்கத்தில் வைத்தால், உருவமே வேறு என்பதால் ஒப்பிட முடியாது.

எட்டுக்கு முல்லர்–லயர், 1889ஆம் ஆண்டுச் சரக்கு. இரண்டு 8களிலும் 40 மி.மீ. நீளத்தில் ஒரே கோடு. ஒன்றில் அம்பு நுனி உள்ளே மடிந்திருக்கும், மற்றதில் வெளியே விரிந்திருக்கும். இரண்டு கோட்டையும் ஒரே காட்ஸில் போட்டால் இடமும் போதாது, திருப்பினால் மேல்கீழும் மாறும். இரண்டு காட்ஸுக்குப் பிரித்துவிட்டால் இரண்டு சிக்கலும் தீர்ந்தது. 304இல் ஏழுக்கும் எட்டுக்கும் புள்ளி கிடையாது. யாரும் மதிக்காத இரண்டுக்கும் இப்போதாவது ஒரு வேலை வந்தது.

டயமன் ஏஸ் எனக்குப் பிடித்தது. அதில் டயமனே அச்சடிக்கப்படவில்லை. நான்கு சிவப்பு வட்டங்களில் ஆளுக்கொரு துண்டு வெட்டி எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். நடுவே தாளைவிட வெள்ளையாக ஒரு டயமன் நிற்பதுபோல் கண் தானே வரைந்துகொள்ளும். கனீட்ஸா 1955இல் முக்கோணமாகக் காட்டியதை நான்கு மூலைக்கு மாற்றினேன். அளவு: அகலம் 36, உயரம் 48, அப்போது பக்கம் 30 மி.மீ. வட்டத்தின் ஆரை 8. ஒரு பக்கத்தின் 30இல் 16 மி.மீ. வெட்டிய விளிம்பாகவே கண்ணுக்குக் கிடைக்கிறது. அந்தப் பங்கு பாதிக்குக் கீழே போனால் தோற்றம் சோர்ந்துவிடும். ஒரு பிள்ளை வட்டங்களைச் சின்னதாக்கி அழகு பார்த்தாள். நான்கு கடித்த பிஸ்கட் மட்டும்தான் தெரிந்தது.

குயினுக்கு ரூபின் குவளை, ஒரு பார்வையில் குவளை, மறுபார்வையில் எதிரெதிரே இரண்டு முகம். நான் குவளையை எடுத்துவிட்டுக் குத்துவிளக்கைப் போட்டேன். தண்டின் இரு பக்க வளைவும் இரண்டு பெண்களின் பக்கவாட்டு முகம். படக் காட்ஸ் இருதலை என்பதால் கீழ்ப்பாதியில் முகங்கள் தலைகீழாக வரும். தலைகீழ் முகத்தைக் கண் இலேசில் பிடிக்காது. அதனால் மேலே முகமும் கீழே விளக்குமாகத் தெரியும். திருப்பினால் இடம் மாறும். இதை நான் திட்டமிடவில்லை, தானாக வந்தது.

ஜாக்கின் வாள் ஒரு தூணுக்குப் பின்னால் போய் மறுபக்கம் வரட்டும். நேர்கோடாகப் போகிற வாள் முறிந்து விலகியதுபோல் தெரியும். இது பொகன்டார்ஃப் தோற்றம். வாளுக்கும் தூணுக்கும் இடையிலான கோணம் குறுகக் குறுக, தூண் அகல அகல, ஏமாற்று கூடும்.

பத்துகளுக்கு ஹேர்மன் கட்டம்: 7 மி.மீ. கறுப்புச் சதுரங்கள், 2 மி.மீ. வெள்ளை ஒழுங்கைகள், சந்திகளில் மட்டும் சாம்பல் பொட்டுகள் தோன்றி, உற்றுப் பார்த்தால் ஓடிப்போகும். 5க்கு 7 சதுரம் போதும். இங்கே சின்னங்களைக் கைவிட்டு மூலை எண்ணை மட்டும் வைத்தேன். இரண்டையும் வைத்தவர்களுக்கு இரண்டும் போனது. ஒன்பதுக்கும் கிங்குக்கும் இணைகோடுகளைச் சாய்ந்ததுபோல் காட்டும் ஸோல்னர் கோடுகள், வளைந்ததுபோல் காட்டும் ஹேரிங் கோடுகள். அவை எந்த அளவிலும் வேலை செய்யும், அதிகம் சொல்லத் தேவையில்லை.

4. மூலை எண்ணைப் பூட்டிவிடுங்கள்

304இல் ஆளுக்கு எட்டுக் காட்ஸ். விசிறிபோல் பிடிக்கும்போது கண்ணுக்குத் தெரிவது இடது ஓரத்தில் 12 மி.மீ. பட்டை மட்டும். எண்ணும் சாதியும் அதற்குள் இருக்க வேண்டும், இரண்டு எதிர்மூலையிலும். எண்ணும் சாதியும் நிற்கும் அந்த மூலைகளுக்குள் தோற்றம் ஒரு புள்ளிகூட நுழையக்கூடாது.

நீலப் பின்னணியில் சிவப்பு எண் போடாதீர்கள். அந்த இரண்டு நிறமும் வெவ்வேறு ஆழத்தில் மிதப்பதுபோல் தெரியும். அதுவே ஒரு மாயத்தோற்றம்தான், ஆனால் எண்ணை வாசிக்க விடாது.

5. வரைதல்

காட்ஸின் அளவு 63.5 × 88.9 மி.மீ. எல்லாவற்றையும் கோட்டுவரைவாகவே வையுங்கள், படப்புள்ளியாக அல்ல. இணையத்தில் கிடைக்கும் ஜேபெக் படத்தை ஒட்டினால் ஓரங்கள் நெளியும். ஹேர்மன் கட்டத்தில் ஒழுங்கைகளின் ஓரம் நெளிந்தால் அந்தச் சாம்பல் பொட்டே மறைந்துவிடும். நேர்த்தியான நேர்கோடுதான் அங்கே மருந்து.

கஃபே சுவருக்கு உயிர் அந்தச் சாம்பல் கோடு. அது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுத்தர வெளிச்சத்தில் இருக்க வேண்டும். தடிப்பு 0.6 மி.மீ. வையுங்கள். அதைவிட மெல்லிதாக்கினால் அச்சு இயந்திரம் சாம்பலைப் புள்ளி புள்ளியாகத் துப்பும், கோடு அறுந்து தெரியும்.

தமிழ் எழுத்து சேர்த்தால், முடிவில் எழுத்தை வரைகோடாக மாற்றிவிடுங்கள். அச்சகக் கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துரு இருக்கும், உங்கள் யூனிகோட் எழுத்துரு இருக்காது. ‘கோணமலை’ என்று எழுதிக் கொடுத்த ஒருவருக்குக் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக 36 காட்ஸ் வந்தது.

ஜோக்கருக்கு ஒரு யோசனை. கலப்பில்லாத சியான் (பச்சை கலந்த நீலம்) நிறத்தில் ஒரு ஆட்டின் (இதயச்) சின்னம், நடுவில் கறுப்புப் பொட்டு. பொட்டை 30 வினாடி பார்த்துவிட்டு வெற்றுக் காட்ஸைப் பார்த்தால் வெளிர்சிவப்பில் ஆட்டின் மிதக்கும். சியான் அச்சு இயந்திரத்தின் சொந்த மை என்பதால் நிறம் கலங்காமல் வரும்.

6. யாருடைய படம்?

கோடுகளின் அமைப்பை நீங்களே வரையலாம். ஒருவர் வரைந்த ஓவியத்தை எடுத்துப் போட முடியாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவரின் காலத்துக்குப் பிறகும் 70 ஆண்டு நீடிக்கும். டச்சு ஓவியர் எஷர் 1972இல் இறந்தார். அவருடைய படிக்கட்டும் நீர்வீழ்ச்சியும் உங்கள் கட்டுக்கு வேண்டாம். ஜப்பானிய உளவியலாளர் கிட்டாவோக்கா வரைந்த, அசையாமலே சுற்றுவதுபோல் தெரியும் ‘சுழலும் பாம்புகள்’ படமும் அப்படியே.

7. பிரிஸ்டல் போர்ட்டில் ஒத்திகை

போட்டோக்கொப்பிக் கடையில் சாதாரண ஏ4இல் அடியுங்கள். ஓரத்தில் 50 மி.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து வையுங்கள். வந்த தாளில் அடிமட்டம் வைத்து அந்தக் கோட்டை அளந்து பாருங்கள். 48 இருந்தால் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தெரிவு விழுந்திருக்கிறது. இதைப் பாராமல் வெட்டியவர்கள் பலர்.

பிரிஸ்டல் போர்ட் என்ற மட்டையில் ஒட்டி வெட்டி, விஷயம் தெரியாத ஐந்து பேரிடம் காட்டுங்கள். “எது நீளம்?” என்று மட்டும் கேளுங்கள். ஏமாந்தவர்கள் ஐவரில் நால்வருக்குக் குறைவு என்றால் அந்தக் காட்ஸைத் திரும்ப வரைய வேண்டும். உங்கள் கண் சாட்சியாகாது. வரைந்தவருக்கு விடை தெரியும்.

8. அச்சகத்துக்குப் போகும் நாள்

பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், பென் டிரைவில். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ‘ஆவணம்’ என்று தெரிவு செய்து அனுப்புங்கள்.

ஏ3இல் குறுக்கே 3, நெடுக்கே 6. ஒவ்வொன்றைச் சுற்றியும் 2 மி.மீ. கூடுதல் இடம் விட்டால் 278.7 × 405 மி.மீ.க்குள் அடங்கும். 3 மி.மீ. விட ஆசைப்பட்டால் நெடுக்கே 417 போகும், ஏ3இன் 420க்குள் இயந்திரத்தின் ஓரம் விழுங்கிவிடும்.

இரண்டாவது கட்டில் என் கஃபே சுவர் வெறும் சதுரங்கப் பலகையாக வந்தது. ஆப்பும் இல்லை, சாய்வும் இல்லை. போய்க் கேட்டால், “தம்பி, அந்தச் சாம்பல் கோடு மங்கலாக் கிடந்தது, வடிவா வரட்டும் எண்டு கறுப்பைக் கூட்டி விட்டனான்” என்றார் அச்சகக்காரர். நல்ல மனதோடு செய்தது, கோபிக்கவும் முடியவில்லை. அன்றிலிருந்து தாளின் மேலேயே எழுதிவிடுகிறேன்: “எந்த நிறத்தையும் கூட்டிக் குறைக்க வேண்டாம், சாம்பல் சாம்பலாகவே வேண்டும்.” முதல் தாளை நின்று பார்த்த பிறகே அடுத்ததற்குத் தலையாட்டுங்கள்.

9. தாளும் லேமினேட்டும்

300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்ட் கேளுங்கள். மாதிரித் துண்டை வாங்கி வெளியே வெயிலுக்கு நேரே பிடியுங்கள். கடையில் வாங்கும் நல்ல காட்ஸின் நடுவே கறுப்புப் பூச்சு இருக்கும், வெளிச்சம் ஊடுருவாது. நமக்குக் கிடைக்கும் மட்டையில் அது இல்லை. முதுகு அடர்த்தியாக இருந்தால் ஓரளவு மறைக்கும். கஃபே சுவர் பாதிக்குப் பாதி கறுப்பு என்பது அதற்கும் உதவுகிறது.

மெல்லிய மேட் லேமினேட், இரு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் மற்றப் பக்கம் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், காட்ஸ் அப்பளம்போல் வளையும். அடையாள அட்டைக்குப் போடுகிற பௌச் வேண்டவே வேண்டாம். 125 மைக்ரோன் பௌச் இரு பக்கமும் சேர்த்துக் கால் மில்லிமீட்டர் கூட்டும். 52 காட்ஸுக்கு அது மட்டும் 13 மி.மீ. கலைக்கக் கை போதாது.

வாடைக் காலத்தில், மார்கழி மழையில், இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மட்டை ஈரத்தோடு லேமினேட் ஆனால் பிறகு உள்ளே கொப்புளம் கிளம்பும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அடித்த என் மூன்றாவது கட்டு மட்டும்தான் இன்றும் தட்டையாக இருக்கிறது.

10. வெட்டுதல்

முகத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். முதுகைப் பார்த்து வெட்டுங்கள். இரு பக்க அச்சில் ஒரு மி.மீ. விலகல் சாதாரணம். முகத்தில் ஓரம் சற்றுக் கூடிக் குறைந்தால் அது உங்களுக்கு மட்டும் தெரியும். முதுகில் கூடிக் குறைந்தால் எதிரில் இருப்பவருக்கு அது அடையாளம். இதே காரணத்தால் முதுகுக் கோலத்தை ஓரம் வரை கொண்டுபோகாமல் சுற்றி 5 மி.மீ. வெள்ளை விடுங்கள்.

அச்சக வெட்டு இயந்திரத்தில் ஒரே தடவையில் தாள்களைக் குவித்து வைத்தால் அடித்தாள் நகரும். இரண்டு மூன்று தாளுக்கு மேல் வைக்க விடாதீர்கள். மூலைகளைப் பஞ்சால் வளைத்துவிடுங்கள். கூர்மூலை நாலு தரம் கலைத்தாலே பிய்ந்து, லேமினேட் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

11. விளையாடிப் பாருங்கள்

முதல் ஆட்டத்தைப் பகலில் விறாந்தையில் அடியுங்கள், இரண்டாவதை இரவில் ரியூப் லைட்டுக்குக் கீழே. மேட் பூச்சு இல்லாவிட்டால் இரவில் பளபளப்பு முகத்தில் அடித்து ஜாக்கையும் கிங்கையும் மயங்க வைக்கும்.

காட்ஸ் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்தி முதுகுகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து ஆட்டம் முடிந்தும் அவரால் ஒரு காட்ஸையாவது அடையாளம் சொல்ல முடிந்தால், அந்தக் காட்ஸை எடுத்துவிட்டு வெற்றுக் காட்ஸில் ஒன்றை எழுதிச் சேருங்கள்.

என் கட்டில் அப்படி மாட்டியது கிளாவர் ஒன்பது, 304இல் 20 புள்ளி. முதுகின் ஓரத்தில் மையில் ஒரு பொட்டு விழுந்திருந்தது. அதை முதலில் கண்டவர் மாமி. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வென்றுகொண்டிருந்தார்.